காதுக்கு மட்டும் அறுபத்திரண்டு வயது

தோட்டத்து ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதாக வேலைக்குப் போகிற தங்கச்சிமார்களே, தம்பிமார்களே, ஊசி போடுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதைப் பயிற்சியில் போதும் போதும் என்கிற அளவுக்குப் படித்திருப்பீர்கள். மருந்தை உறிஞ்சி, ஊசியைக் கையில் பிடித்து, ஆளும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கும்போது, போடாமல் இருப்பது எப்படி என்று சொல்கிறேன். என் வேலைக்காலம் முழுவதிலும் எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

பயந்துவிடாதீர்கள், இது சிரிக்கிற விஷயம். இதை எங்கே சொல்லத் தொடங்கினாலும் பாதியிலேயே நான் சிரித்துத் தொலைத்துவிடுவேன், கேட்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. அதனால்தான் இந்த முறை எழுதியே கொடுக்கிறேன். எழுத்து சிரிக்காது.

தொண்ணூறுகளின் பின்பாதி. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி ரப்பருமாக ஒரு தோட்டம். தகரக் கூரை போட்ட ஆஸ்பத்திரி, நாலு கட்டில். மருத்துவ உதவியாளரைச் சனங்கள் டொக்டர் ஐயா என்பார்கள். என்னைச் சிங்களத்தில் கூப்பிடுகிற மாதிரியே மிஸ்ஸி என்பார்கள். டொக்டர் ஐயா அந்தச் சமயம் நீண்ட லீவில் போயிருந்தார். ஆகவே தோட்டத்தின் இருமல், வயிற்றுப்போக்கு, பிரசவம், அட்டைக்கடி எல்லாம் என் தலையில்.

அங்கே காத்தமுத்து என்று ஒருவர். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அவர் வீட்டுக்காரி செல்லாயி கொழுந்து எடுக்கிறவள். செல்லாயியின் குரலைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். மேல் லயத்தில், வரிசை வீட்டு வாசலில் நின்று அவள் "ஏய்" என்றால் கீழே ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் திரும்பிப் பார்ப்பான். கீச்சென்று ஏறி, இன்னும் ஏறி, இனி ஏற இடமில்லை என்று நாம் நினைக்கிற இடத்தில் இன்னும் ஒரு படி ஏறுகிற குரல். காத்தமுத்தும் லேசுப்பட்டவரில்லை. அவள் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்லுவார். இருவரும் சாயங்காலம் சண்டை பிடிக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோவை நிறுத்திவிடுவார்கள், இது அதைவிட நன்றாயிருக்கும் என்று.

காத்தமுத்துவுக்கு இரண்டாவது தடவையாகக் காசநோய் வந்தது. முதல் தடவை, இருமல் நின்றதும் நோயும் நின்றுவிட்டதென்று மனுசன் மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டார். அது திரும்பி வந்தபோது டவுனிலே நெஞ்சுநோய் கிளினிக்கில் மாத்திரையோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் எழுதி அனுப்பினார்கள். தினம் ஒன்று, என் கையால். ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்று அங்கிருந்த பெரிய டொக்டர், ஒரு சிங்கள அம்மா, தனக்குத் தெரிந்த தமிழிலும் தெரியாத தமிழிலும் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். இந்த மருந்து கிருமியைக் கொல்லும், சரி. ஆனால் காதுக்கு உள்ளே, வெளியில் தெரியாத இடத்தில், நுனியில் மயிர் மாதிரி வைத்த சின்னஞ்சிறு செல்கள் இருக்கின்றன. சத்தம் கேட்பதும், விழாமல் நிமிர்ந்து நடப்பதும் அவற்றால்தான். உடம்பில் மருந்து அளவுக்கு மேல் தங்கினால் அது அந்தச் செல்களையும் அழிக்கத் தொடங்கும். வயசாளிகளுக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் மருந்து அதிகம் தங்கும், அதனால் அவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். தள்ளாட்டம் வரும். காதில் விழுகிறவற்றில் முதலில் கீச்சுச் சத்தங்கள் போகும், பிறகுதான் மற்றவை. போனது திரும்பாது. தேயிலையைக் கவ்வாத்துப் பண்ணி வெட்டிவிட்டால் துளிர்க்கும், இது துளிர்க்காது நங்கி என்றார். சிங்களத்தில் நங்கி என்றால் தங்கச்சி. அந்தக் கவ்வாத்துக் கதையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆகவே தினம் ஊசிக்கு முன்னால் நான் மூன்று கேள்வி கேட்பேன். காது நல்லாக் கேக்குதா? தலை சுத்துதா? ஒண்ணுக்கு நல்லாப் போகுதா? அவரும் மூன்று பதில் சொல்லுவார். நல்லாக் கேக்குது மிஸ்ஸி. சுத்தல மிஸ்ஸி. போகுது மிஸ்ஸி. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி அவ்வளவு அழகாக இருக்கும்.

இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் போனது. அப்புறம்தான் அதிசயம் நடந்தது.

காத்தமுத்து திருந்திவிட்டார். செல்லாயி எவ்வளவு கத்தினாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை. அவள் பாட்டுக்குத் திட்டுகிறாள், அவர் பாட்டுக்கு வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு சிரித்த முகமாக இருக்கிறார். லயமே கூடிப் பார்த்தது. சாமி வந்துவிட்டது என்றார்கள் சிலர். செல்லாயி மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டாள், "எல்லாம் மிஸ்ஸி போடுற ஊசிதான்."

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு வலிக்கிறது. ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் பெண்கள் நிற்கிறார்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை, யார் கையிலும் பிள்ளை இல்லை. முன்னால் நின்ற பொன்னம்மா, செல்லாயியின் பக்கத்து வீட்டுக்காரி, முந்தானையைத் திருகிக்கொண்டு கிட்ட வந்தாள்.

"மிஸ்ஸி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"கேளு."

"எங்க வீட்டுக்காரருக்கும் அந்த ஊசி ஒண்ணு போட்டு விடுங்களேன்."

"அவருக்கு என்ன?"

"அவருக்கு ஒண்ணுமில்லங்க. வாய்தான்."

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். முழு ஊசி வேண்டாம், பாதி போட்டாலும் போதும் என்றாள் ஒருத்தி. சனிக்கிழமைக்கு மட்டும் வேலை செய்கிற மாதிரி ஏதாவது உண்டா என்றாள் இன்னொருத்தி, அவள் புருசன் சனிக்கிழமைதான் கசிப்புச் சாராயம் குடிக்கிறவன். அது நெஞ்சுநோய்க்கான மருந்து, வாய்க்கான மருந்து இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, "இல்ல மிஸ்ஸி, நாங்கதான் கண்ணால பாக்குறோமே" என்று என்னையே சமாதானம் செய்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தி மூச்சு முட்டச் சிரித்தேன்.

சிரித்தேன்தான். ஆனாலும் மனசின் ஓரத்தில் ஏதோ அரித்தது. முப்பது வருசம் வாய் ஓயாத மனுசன் ஒரு ஊசியில் முனிவர் ஆவாரா?

மறுநாள், போயா என்கிற பௌர்ணமி லீவுக்கு முந்தின நாள். நல்ல மழை. காலையில் பேர் கொடுக்கிற பெரட்டு முடிந்து சனங்கள் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் ரப்பர்ப் பகுதிக் கங்காணி நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். அவருக்கு ஒரே கோபம்.

"மிஸ்ஸி, காத்தமுத்து திரும்பக் குடிக்க ஆரம்பிச்சிட்டான். ஊசி போடுற ஆள் குடிக்கலாமா? விடியக்காலையில பால் வெட்டப் போற எடத்துல, அந்த அரையிருட்டுல, இப்படி அப்படி ஆடுறான். நேத்து வாளியோட தண்ணிக் கானுக்குள்ள விழப் பாத்தான். நான்தான் புடிச்சேன்."

கங்காணி போன பின்னாலேயே காத்தமுத்து வந்தார், ஊசிக்கு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். பின்னால் செல்லாயியும் வந்தாள், கசிப்புக் குடித்ததற்கு என் முன்னால் வைத்தே அவரை உரித்துவிடுவது என்று. மழையைக் காரணம் காட்டிக் கொழுந்துக்குப் போகாமல் வந்திருந்தாள்.

நான் முதலில் அவர் வாயை முகர்ந்து பார்த்தேன். வெற்றிலை வாசம்தான். கசிப்பு இல்லை. தகரக் கூரையில் மழை அடிக்கிற அடியில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. மருந்தைக் கரைத்து உறிஞ்சிக்கொண்டே, யோசனையில், வழக்கமான கேள்வியை விட்டு வேறு ஒன்று கேட்டுவிட்டேன்.

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

காத்தமுத்து சிரித்த முகத்தோடு சொன்னார், "நல்லாக் கேக்குது மிஸ்ஸி."

ஊசியை மேசையில் வைத்துவிட்டேன். அடுத்ததையும் மாற்றிக் கேட்டேன்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"சுத்தல மிஸ்ஸி."

செல்லாயி களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வரும் பிள்ளைகளே, இந்த வேலையில் அது அடிக்கடி வரும். மூன்றாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை, வாயை மட்டும் அசைத்தேன். "போகுது மிஸ்ஸி" என்றார் மனுசன்.

தினம் அதே மூன்று கேள்வி, அதே வரிசை. அந்த வரிசையை அவர் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கேள்வியைத் தினம் மாற்றிக் கேளுங்கள்.

மழை கொஞ்சம் விட்டதும் அவரை எழுப்பி நடுவில் நிறுத்தினேன். காலைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடுங்கள் என்று கையால் காட்டினேன். கண்ணை மூடியதுதான் தாமதம், மனுசன் கொடி அறுந்த சேலை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தார். பிடித்துக்கொண்டேன். கண் திறந்திருந்தால் எப்படியோ சமாளிக்கிறார், அரையிருட்டில் சரிவில் நின்றால் விழுகிறார். அதுதான் கங்காணி பார்த்த குடி.

நாற்காலியில் சுவரைப் பார்க்க உட்கார வைத்தேன். பின்னால் நின்று தண்ணீர் வாளியைத் தரையில் தட்டினேன், டொங்கென்று. திரும்பினார். காதுக்குப் பின்னால் குசுகுசுவென்று, "உங்க மாமியார் வந்து ஒரு மாசம் தங்கப் போறாங்களாம்" என்றேன். அசையவில்லை. எந்த ஆம்பிளையும் அசைந்திருப்பான்.

பிறகு செல்லாயியிடம் சொன்னேன், "நீ கூப்பிடு. வழக்கமாக் கூப்பிடுற மாதிரியே."

அவள் கதவோரம் நின்று கூப்பிட்டாள். மேலே ஏறி, இன்னும் ஏறி, இடமில்லாத இடத்திலும் ஏறிய அதே குரல். கண்ணாடிப் போத்தல்கள் இருந்த அலமாரி கிணுகிணுத்தது. காத்தமுத்து சுவரையே பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார், வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்க்கிற அதே முகத்தோடு.

செல்லாயி இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை. நோயாளிகள் உட்காருகிற வாங்கில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்ப இத்தனை நாளா நான் யார்கிட்ட மிஸ்ஸி பேசிக்கிட்டு இருந்தேன்?" என்றாள்.

அந்த ஒரு கேள்விக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்த காத்தமுத்து, தனக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவரும் அழ ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் மூன்று பேரும் அழுதுகொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்துப் பொன்னம்மா தலையை நீட்டி, "மிஸ்ஸி, ஊசி வந்திருச்சா?" என்றாள்.

அவளை விரட்டினேன்.

காத்தமுத்துவின் முகத்துக்கு நேராக வந்து, கட்டைக் குரலில், மெதுவாகப் பேசினேன். அது அவருக்குக் கேட்டது. காது மந்தம் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்.

"சொன்னா நீங்க ஊசியை நிப்பாட்டிருவீங்க மிஸ்ஸி. போன தடவை பாதியில விட்டுத்தானே திரும்பி வந்துச்சு. அதோட காது கேக்கல, கால் ஆடுதுன்னா, இவனுக்கு வயசாயிருச்சுன்னு தொரை பேரை வெட்டிப்புடுவாரு."

"வயசாயிருச்சா? உங்களுக்கு ஐம்பத்திரண்டுதானே?"

அவர் செல்லாயியைப் பார்த்தார். செல்லாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண்ணீரோடேயே அவள் வாய் சிரிக்கத் தொடங்கியது.

"மிஸ்ஸி, எனக்கு வயசு என்ன?"

"உனக்கு ஐம்பத்து நாலு."

"இந்தாளுக்கு ஐம்பத்திரண்டு. ஊருல எவனாச்சும் அக்காவைக் கட்டுவானா?"

கதை இதுதான். வேறு தோட்டத்திலிருந்து வந்து இங்கே பேர் பதிந்தபோது, அறுபதில் ஆளை நிறுத்திவிடுவார்களே என்று, மனுசன் பத்து வயசை உருவி எறிந்துவிட்டார். ஆபீஸில் பேரும் வயசும் எழுதி வைக்கிற செக்ரோலில் ஐம்பத்திரண்டு, மெய்யாக அறுபத்திரண்டு. தோட்டத்தில் இது புதுசில்லை. வீட்டு வயசு ஒன்று, செக்ரோல் வயசு ஒன்று. ஆனால் கிளினிக்கிலும் அதே செக்ரோல் வயசைச் சொல்லிவிட்டார். அவர்கள் ஐம்பத்திரண்டு வயசுக்காரனுக்கான முழு அளவை எழுதினார்கள். அது அறுபத்திரண்டு வயசுக் காதில் போய்த் தேங்கி நின்றது. தொரையை ஏமாற்றலாம், கிளாக்கரை ஏமாற்றலாம், சிறுநீரகத்துக்கு மட்டும் மெய் வயசு தெரியும்.

இப்போது என் நிலையைப் பாருங்கள். மேசையில் ஊசி தயாராக இருக்கிறது. ஒரு நாளும் தவறக்கூடாது என்பது உத்தரவு. டொக்டர் ஐயா இல்லை. காத்தமுத்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "போடுங்க மிஸ்ஸி, காது போனாப் போகுது, உசிரு இருக்கட்டும்" என்கிறார். நெஞ்சுநோய் மூன்றாவது தடவை வந்தால் அதற்குக் குற்றவாளி நான்தான்.

அவசரத்தில் நான் யோசித்தது இவ்வளவுதான். இன்றைக்கு விட்ட ஊசியை வேண்டுமானால் நாளைக்குப் போடலாம். இன்றைக்கு அழிந்த செல்லை நாளைக்குக் கொண்டுவந்து வைக்க முடியாது. திருத்தக்கூடிய தப்பா, திருத்த முடியாத தப்பா என்று பார்த்தால் முதலாவதைச் செய்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன்.

அவருக்குப் புரிகிற மாதிரிச் சொன்னேன். "அண்ணே, நீங்க பால் வெட்டும்போது பட்டையோட நிறுத்துறீங்க. கத்தி ஆழமாப் போயி மரத்துல பட்டுட்டா?"

"அந்த எடத்துல பட்டை சரியா வளராது மிஸ்ஸி. அப்புறம் அங்க வெட்ட ஏலாது."

"இப்ப இந்த ஊசி உங்க காதுல மரத்துல படுது."

மடித்த சட்டைக் கையை அவரே இறக்கிவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா வயசை மட்டும் சொல்லிராதீங்க மிஸ்ஸி. பால் வெட்டாம வீட்டுல உக்காந்தா நான் செத்துருவேன்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் யோசித்தேன். கிளினிக்குக்கு மெய் வயசைச் சொல்லாமல் ஒன்றும் நடக்காது. மதியத்தோடு கிளினிக்கை மூடிவிடுவார்கள், நாளைக்குப் போயா. தோட்டத்தில் ஒரே ஒரு டெலிபோன், அது இருப்பது ஆபீஸில், பெரிய கிளாக்கர் ஐயாவின் மேசையில். செக்ரோல் எழுதுகிறவரே அவர்தான்.

குடையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன். பெரிய கிளாக்கர் ஐயா நல்ல மனுசர். நல்ல மனுசர் என்பதால் எழுந்து போகாமல், எனக்கு உதவியாக, பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு சிங்களமும் தெரியும், இங்கிலீசும் தெரியும். எந்தப் பாசையில் பேசினாலும் தப்ப வழியில்லை.

டெலிபோனைச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அந்த சிங்கள டொக்டர் அம்மா கிடைத்தார். தள்ளாட்டத்தைச் சொன்னேன், காதைச் சொன்னேன், ஊசியை இன்றைக்குப் போடவில்லை என்றும் சொன்னேன்.

"வயசு எத்தனை நங்கி?" என்றார்.

கிளாக்கர் ஐயா எனக்கு முந்திக்கொண்டு, உதவியாக, "ஐம்பத்திரண்டு" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

"ஐம்பத்திரண்டு டொக்டர்" என்றேன். மூச்சை இழுத்துக்கொண்டேன். "ஆனா அவரோட காதுக்கு அறுபத்திரண்டு."

இந்தப் பக்கம் கிளாக்கர் ஐயா என் முகத்தைப் பார்த்தார்.

"கிட்னிக்கும் அறுபத்திரண்டுதான் டொக்டர்" என்றேன். "மத்தபடி ஆளுக்கு ஐம்பத்திரண்டு."

"நங்கி," என்றார் அந்த அம்மா மெதுவாக, "ஒங்க பக்கத்தில ஆள் இருக்கா?"

"ஆமா டொக்டர். செக்ரோல் எழுதுற ஐயா இருக்காங்க."

அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. அப்படி ஒரு சிரிப்பை டெலிபோனில் நான் கேட்டதே இல்லை. தோட்டத்துச் சனங்களை எத்தனை வருசமாகப் பார்த்தவர், அவருக்குத் தெரியாதா? சிரித்து முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, டொக்டர் குரலுக்கு வந்தார்.

"ஹரி, சரி நங்கி. அந்த வயசுக் காதுக்கு அந்த அளவு ரொம்பக் கூட. இனிமே ஊசி வேணாம், நிப்பாட்டுங்க. மாத்திரை ஒண்ணும் நிப்பாட்ட வேணாம், ஒரு நாளும் விட வேணாம். போயா முடிஞ்சதும் காது, கிட்னி, ஆளு, மூணு பேரையும் கூட்டிக்கிட்டு வாங்க."

போனை வைத்தேன். கிளாக்கர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மிஸ்ஸி, ஒரே ஆளுக்குள்ள காதுக்கு ஒரு வயசு, ஆளுக்கு ஒரு வயசு இருக்குமா?"

"இருக்குங்க ஐயா. வைத்தியத்துல ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வயசு." தேய்மானம் எல்லா உறுப்புக்கும் ஒரே மாதிரி வராது என்பது மெய்தானே.

அவர் நாற்காலியை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, காலை நீட்டினார்.

"அப்ப என் மொழங்காலுக்கு என்ன வயசுன்னு பாத்துச் சொல்லுங்க."

பிடித்துப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன், சும்மா ஒரு பேச்சுக்கு எழுபது என்றேன். மனுசர் முகம் மலர்ந்துவிட்டது. "பொஞ்சாதிகிட்ட எத்தனை தரம் சொல்லியிருக்கேன், நம்பவே மாட்டேங்குறா" என்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எழுதி வச்சிருக்கிறதவிட மொத்த ஆளுக்கும் அஞ்சு வயசு கூட உண்டு மிஸ்ஸி, வெளியில சொல்லிராதீங்க" என்றார். சொல்லவில்லை. அவரும் எப்போதோ ஓய்வுபெற்றுவிட்டார், முழங்காலும்தான்.

போயா முடிந்து கிளினிக்குக்குப் போனோம். காத்தமுத்துவின் காதைப் பெரிய ஆஸ்பத்திரியில் மிஷினில் வைத்துப் பார்த்தார்கள். கீச்சுச் சத்தங்கள் போய்விட்டன, திரும்பாது. ஆனால் பேச்சு கேட்கிற பகுதி பெரும்பாலும் தப்பித்துவிட்டது. இன்னும் இரண்டு வாரம் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கலாம் என்றார் டொக்டர் அம்மா. மனுசரைச் சரிவில் வெட்ட விடாமல், வெளிச்சம் வந்த பிறகு சமதரையில் நிற்கிற மரங்களுக்கு மாற்றச் சொல்லி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். அதில் வயசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தள்ளாட்டம் மெல்ல மெல்லக் குறைந்து, கண்ணையும் காலையும் வைத்துச் சமாளிக்கப் பழகிக்கொண்டார். மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை, செல்லாயி விடவிடவில்லை. நெஞ்சுநோய் போனது போனதுதான்.

லயத்தில் பெண்களுக்குத்தான் பெரிய ஏமாற்றம். ஊசி வாயை அடைக்கவில்லை, காதை அடைத்தது என்று நான் கூட்டி வைத்துச் சொன்னேன். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொன்னம்மா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அதை எனக்குப் போடுங்க மிஸ்ஸி" என்றாள்.

பிள்ளைகளே, பக்கவிளைவை நோயாளியிடம் மட்டும் கேட்காதீர்கள். அவருக்கு மறைக்க ஆயிரம் காரணம் இருக்கும். வீட்டில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கூட இருக்கிறவர்களைக் கேளுங்கள். திடீரென்று நல்லவனாக மாறிய ஆளை இரண்டு தடவை சோதித்துப் பாருங்கள். வயசைக் கேட்டால் எந்த வயசு என்றும் கேளுங்கள். அதை அவர் உங்களை நம்பிச் சொன்னால், அந்த நம்பிக்கையையும் காப்பாற்றுங்கள்.

அந்தத் தோட்டத்திலிருந்து நான் மாற்றலாகிப் போகிறபோது சொல்லிக்கொள்ள மேல் லயத்துக்குப் போனேன். வாசலுக்கு வெளியே நிற்கும்போதே உள்ளே யாரோ ஆம்பிளை ஒருவர் காத்தமுத்துவைக் கிழிகிழி என்று கிழித்துக்கொண்டிருந்தார். அடுப்பு விறகு நனைந்ததில் தொடங்கி, கல்யாணத்துக்கு வராத அவர் சித்தப்பா வரைக்கும். யாரடா இது, காத்தமுத்துவைத் திட்ட செல்லாயியைத் தவிர வேறு யாருக்கு உரிமை என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போனேன்.

செல்லாயிதான். அடிவயிற்றிலிருந்து, கட்டையாக, கோயில் மேளம் மாதிரி ஒரு குரலில்.

"என்னடி, உன் தொண்டைக்கு என்ன ஆச்சு?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகல மிஸ்ஸி" என்றாள் அவள், என்னைப் பார்த்ததும் குரல் தானாகப் பழைய உயரத்துக்கு ஏற. "மேல நின்னு கத்துனா இந்தாளுக்கு எட்டல. அதான், கீழ எறங்கி வந்து திட்டிப் பழகிட்டேன்."

வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த காத்தமுத்து என் பக்கம் திரும்பினார். நான் எதுவும் கேட்கவில்லை.

"நல்லாக் கேக்குது மிஸ்ஸி" என்றார்.